வயதா, தகுதியா? அன்றாடம் ஓடும் பழைய கார் எழுப்பும் கேள்விகள்

வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரைப் பற்றிய பேச்சு எழுந்தால் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இன்னும் எத்தனை நாள் இதைக் கட்டி இழுப்பது என்பது ஒரு தரப்பு. நம்மை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லையே என்பது மறுதரப்பு. முதல் தரப்பார் வயதைப் பார்க்கின்றனர். இரண்டாம் தரப்பார் பழக்கத்தைப் பார்க்கின்றனர். காரின் இன்றைய தகுதி என்ன, அது மாதத்திற்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, அதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளை இரு தரப்பாருமே பெரும்பாலும் கேட்பதில்லை. கார்க் கடனுக்காக வங்கியை நாடி வரும் வாடிக்கையாளர்கள் பலரும் இம்மூன்றுக்கும் விடை காணாமலேயே விண்ணப்பப் படிவத்தை நிரப்புகின்றனர். ஆகவே இக்கேள்விகளைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

ஏர்பேட்டுச் சாலையில் ஒரு காண்டெஸா

திருப்பதியில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காளஹஸ்திக்குச் செல்லும் தமிழ்நாட்டு அன்பர்கள் அனைவருக்கும் ஏர்பேடு அறிமுகமான ஊரே. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையே, நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் தொட்டுச் செல்லும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. மலையாள சுவாமிகள் நிறுவிய வியாசாசிரமம் அங்கேதான் உள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இன்று அப்பகுதியில் வளாகம் அமைத்திருக்கின்றன. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஏர்பேடு, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது.

அச்சாலையில் அண்மையில் ஒரு காண்டெஸாவைக் கண்டோம். முன்பக்கம் நீண்டு, இடைப்பகுதி ஒடுங்கி, பின்பக்கம் மறுபடியும் அகன்ற அதே பழைய உருவம். எண்பதுகளின் இறுதியைச் சேர்ந்ததாகத் தோன்றிற்று. எண் பலகையில் ஏ.பி. 03 என்னும் பழைய சித்தூர்க் குறியீடு. கண்காட்சிக்காக மெருகேற்றிய வண்டியன்று அது. வண்ணம் வெயிலில் வெளுத்திருந்தது. ஒரு கதவு மட்டும் வேறு சாயலில் இருந்தது. பின்னிருக்கையில் பள்ளிப் பைகள் கிடந்தன. லாரிகளுக்கும் புதிய கார்களுக்கும் நடுவே, தினமும் போய்வரும் வழியில் செல்லும் வண்டிக்குரிய நிதானத்துடன் அது சென்றது. அருங்காட்சியகத்தில் நிற்கும் காரைவிட இத்தகைய காரே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. அதற்கு நாள்தோறும் வேலை இருக்கிறது. அந்த வேலையை அது செய்துமுடித்தாக வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சாயல், இந்தியப் பிறப்பு

எண்பதுகளில் அமெரிக்காவிலேயே தயாரான கார் ஒன்று நம் ஊர்ச் சாலையில் ஓடுவது அரிதினும் அரிது. இது தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்ததில்லை. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டாட்ஜ், பிளிமவுத் கார்களை இங்கேயே பூட்டியது. உதிரிபாகங்களை வரவழைத்துப் பூட்டுவதோடு நிற்காமல், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடம் என்று 1953இல் நடுவண் அரசு முடிவெடுத்தபின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அதன்பின் வெளிநாட்டுக் கார் என்றால் பெருந்தொகை சுங்கவரி கட்டிக் கொண்டுவந்ததாக இருக்கும். அல்லது தூதரகத்தார் பயன்படுத்தியபின் அரசு வணிகக் கழகத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்ததாக இருக்கும்.

ஆகவே, எண்பதுகளில் அமெரிக்கக் காரின் உருவத்தை நம் நடுத்தர வர்க்கம் கண்டது காண்டெஸாவில்தான். பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் எழுபதுகளில் செய்த கார் ஒன்றின் வடிவத்தையும் அச்சுகளையும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிவந்து 1984இல் இதை அறிமுகப்படுத்தியது. வாக்ஸால் 1925 முதலே ஜெனரல் மோட்டார்ஸின் உடைமை. காண்டெஸாவின் அமெரிக்கச் சாயல் இவ்வழியாக வந்தது. ஆனால், அந்தப் பெரிய உடலுக்குள் முதலில் வைக்கப்பட்டது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின். பார்வைக்குப் பயில்வான், ஏற்றத்தில் நோஞ்சான் என்று மக்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானின் இசூசூ வழங்கிய 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தபிறகே உருவத்துக்கேற்ற வலிமை கிட்டியது. 2002இல் உற்பத்தி நின்றுபோனது. அதே இசூசூ நிறுவனம் 2016 முதல் இதே திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் ஆலை நடத்திவருகிறது. காண்டெஸாவுக்கு எஞ்சின் தந்த நிறுவனத்தின் புத்தம்புதிய வண்டிகள் வெளிவரும் அதே மாவட்டத்தில்தான் அந்தப் பழைய எஞ்சின்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எளியவையே முதலில் மறைகின்றன

அமெரிக்காவில் எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த டாட்ஜ் ஏரிஸ், பிளிமவுத் ரிலையன்ட் என்னும் கார்களின் வரலாறு வங்கி வாடிக்கையாளர்கள் அறியத்தக்கது. கிரைஸ்லர் நிறுவனம் நொடித்துப்போகும் நிலையில் இருந்தபோது, 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அந்நாட்டு அரசு உத்தரவாதம் அளித்தது. அதற்கான சட்டம் 1980 ஜனவரியில் கையொப்பமாயிற்று. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியவை சிக்கனமும் எளிமையும் மிக்க இக்கார்களே. அவை லட்சக்கணக்கில் விற்றன. உரிய காலத்துக்கு ஏழாண்டுகள் முன்னதாகவே, 1983இல், நிறுவனம் கடனை அடைத்துவிட்டது.

ஒரு பெருநிறுவனத்தையே காப்பாற்றிய கார்கள் இன்று அந்நாட்டுச் சாலைகளில் காணக்கிடைப்பதே அரிதாகிவிட்டது. காரணம் எளிது. விலையுயர்ந்த காரைச் சேகரிப்பவர்கள் போற்றிவைப்பார்கள். எல்லா வீட்டு வாசலிலும் நின்ற சாதாரணக் காரை, எங்கும் கிடைப்பதுதானே என்று யாரும் பேணுவதில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத் தேடினால் அது எங்குமே இருப்பதில்லை.

நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் பத்திரமாக இருக்கின்றன. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் எண்பதுகளின் நடுவே தயாரான ஸ்டாண்டர்டு 2000 எங்கே? பிரிட்டனின் ரோவர் காரின் அழகிய உடலில், நாற்பதுகளில் வடிவமைத்த எஞ்சினைப் பொருத்தி விற்ற அந்தக் கார் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. ஃபியட் உடலும் நிசான் எஞ்சினும் கொண்ட பிரீமியர் 118 என்.இ. எங்கே? 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சந்தையைக் கைப்பற்றியபோது இவையெல்லாம் பின்தள்ளப்பட்டன. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது. 2017இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் ஃபிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயருக்கு 80 கோடி மதிப்பிட்ட உலகம், அந்தப் பெயர் தாங்கிய கார்களைப் பழைய இரும்பின் எடைக்கு வாங்கிக்கொண்டிருந்தது.

ஓட வைக்கும் கைகள்

நாற்பது ஆண்டைத் தொடும் ஒரு கார் தினமும் காலையில் உயிர்பெற வேண்டுமானால், அதன் பின்னால் ஒரு தொழில் வட்டமே இயங்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, எஞ்சின் ஓசையைக் காதால் கேட்டே காற்றையும் பெட்ரோலையும் அளவுபடுத்தத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பிளாட்டினம் இடைவெளியைச் சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும். கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து தரும் லேத் பட்டறை வேண்டும். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி ஒட்டும் டிங்கர் வேண்டும். புதிய கார்களைப் பழுதுபார்ப்பவருக்குக் கணினி குறையைச் சொல்லிவிடும். பழைய காரில் குறையை அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

உதிரிபாகமும் அப்படியே. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளும் ஜி.பி. சாலையின் உதிரிபாகக் கடைகளும் ஆந்திர எல்லைக்கு அப்பாலும் வாடிக்கையாளர்களைக் கொண்டவை. காண்டெஸாவுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அதன் முதல் எஞ்சின் அம்பாசடருக்கு உரியது; இரண்டாவதான இசூசூ எஞ்சினும் பின்னர் அம்பாசடரில் பொருத்தப்பட்டது. ஆகவே எஞ்சின் பாகங்களுக்கு ஓரளவு வழி இருக்கிறது. விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், முன்கண்ணாடி போன்றவைதாம் கிடைப்பதில்லை. ஒரு லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல் முன்கண்ணாடியை உடைத்துவிட்டால், எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டி மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

எரிபொருள் மாற்றமும் இக்கார்களைச் சோதிக்கிறது. எண்பதுகளின் எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. வால்வு அமரும் இடம் தேயாமல் அந்த ஈயம் காத்துவந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே கிடைப்பதால், பலர் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிக்கொண்டனர். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் கார்புரேட்டர் பாகங்களையும் மெல்ல அரிக்கக் கூடியது. எத்தனால் அற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காடு கலவைக்குச் சரிசெய்த கார்களிலேயே மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்பது நிதி ஆயோக் அறிக்கை தரும் மதிப்பீடு. பழைய காரை அன்றாடம் ஓட்டுபவர் இந்தக் குழாய்களை மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது. பெட்ரோல் கசிவு மைலேஜைக் குறைப்பதோடு தீயையும் விளைவிக்கும்.

ஒரு குடும்பக் கணக்கு

உணர்ச்சியைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

புதிய கார் வாங்க 8 லட்சம் ரூபாய்க் கடன், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு, தவணைக் காலம் 7 ஆண்டுகள் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். ஏழாண்டுகளில் செலுத்தும் வட்டி மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 81 ஆயிரம். முதலில் கையிலிருந்து போடும் பணம் தனி.

பழைய கார் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், புதிய கார் 18 கிலோமீட்டர் தருகின்றன. பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பழைய காரில் ஏறத்தாழ 7 ரூபாய் 64 காசு கூடுதலாகச் செலவாகிறது. பழுதுபார்ப்புக்குப் பழைய கார் புதியதைவிட மாதம் சராசரி 3,000 ரூபாய் கூடுதலாக விழுங்கும் எனவும் கொள்வோம்.

மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பழைய காரால் வரும் கூடுதல் செலவு ஏறத்தாழ 6,820 ரூபாய். புதிய காரின் தவணையில் இது பாதியளவே. மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 10,640 ரூபாய்; அப்போதும் பழைய காரே இலாபம். 1,500 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 14,460 ரூபாய். இங்கே புதிய கார் முந்திவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் மாதம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 43 கிலோமீட்டர். ஏர்பேட்டிலிருந்து காளஹஸ்திக்கு மட்டும் தினமும் போய்வருபவர் பழைய காரை வைத்துக்கொள்ளலாம். தினமும் திருப்பதிக்குப் போய்வருபவர் எல்லைக்கோட்டின் அருகில் வந்துவிடுகிறார். அவர் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இக்கணக்கில் இன்னும் இரண்டு கூறுகளைச் சேர்க்க வேண்டும். ஏழாண்டுக்குப் பின் தவணை முடிந்துவிடும். விற்றால் விலை பெறும் ஒரு காரும் கையில் இருக்கும். இது புதிய காருக்குச் சாதகம். மறுபுறம், புதிய காரின் மதிப்பு விரைந்து தேய்கிறது. காப்பீட்டு விதிப்படி ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடும், நான்காண்டு கடந்து ஐந்தாண்டு நிறைவதற்குள் 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றன. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காரின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்கின்றனர். பழைய கார் வைத்திருப்போர் பலர் இந்தப் பேச்சில் வாய் திறப்பதே இல்லை. நிறுவனம் எழுதும் சிறு தொகைக்குக் கையொப்பமிட்டுவிட்டு, விபத்து நேர்ந்தபின் வருந்துகின்றனர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது

பழைய காரைப் போற்றுவோர் மறைக்க விரும்பும் உண்மைகள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு. எண்பதுகளில் நம் நாட்டில் இருக்கைப்பட்டை கட்டாயமில்லை. ஓட்டுநருக்கான காற்றுப்பையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019இல்தான். தகடு தடிமனாக இருந்தால் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி உள்வாங்கிக்கொள்ளும் முன்பகுதியே இன்றைய காரில் இருப்போரைக் காக்கிறது. பழைய காரின் விறைப்பான உடல் அந்த அதிர்ச்சியை உள்ளே இருப்பவர்மீதே செலுத்துகிறது.

ஏர்பேட்டுச் சாலையில் கனரக வாகனங்கள் ஓயாமல் செல்கின்றன. 2017 ஏப்ரல் 21 அன்று ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது லாரி ஒன்று பாய்ந்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை அவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய சாலையில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் காருக்கு இருக்கைப்பட்டையேனும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, புகை. நம் நாட்டில் பெட்ரோல் வண்டிகளுக்கான முதல் புகைக் கட்டுப்பாடு 1991இல் வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 என்னும் இன்றைய அளவுகோல் 2020 ஏப்ரலில் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகப் பெரியது. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் கார்புரேட்டர் எஞ்சின் புதிய எஞ்சினைப்போல் தூய்மையாக எரியாது. இத்தகைய கார்கள் எண்ணிக்கையில் சிலவே என்பதும், அவை ஓடும் தூரம் குறைவு என்பதும் மட்டுமே அவற்றுக்காகச் சொல்லத்தக்க சமாதானங்கள்.

சட்டத்தில் ஓர் இடைவெளி

பழைய வாகனங்களைப் பற்றிய நம் விதிகள் இரண்டு முனைகளைத் தெளிவாகக் காண்கின்றன. 15 ஆண்டு நிறைந்த தனியார் கார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 1990இல் பதிவான கார் 2005, 2010, 2015, 2020, 2025 என ஐந்து முறை இவ்வாசலைக் கடந்திருக்கும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி 20 ஆண்டைக் கடந்த காருக்கு 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கோ 80,000 ரூபாய். அரசுத் துறை வாகனங்கள் 15 ஆண்டைக் கடந்தால், 2023 ஏப்ரல் முதல் அவற்றின் பதிவைப் புதுப்பிக்கவே இயலாது.

மறுமுனையில், 2021 ஜூலையில் வந்த விதி 50 ஆண்டைக் கடந்து மூல வடிவம் கெடாமல் இருக்கும் கார்களைத் தொன்மை வாகனங்களாக ஏற்கிறது. அவற்றுக்கு வி.ஏ. என்னும் தனி எண் வரிசை உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்திலும் பாதி சலுகை உண்டு. ஆனால், அப்பதிவைப் பெற்ற காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் முதலிய காரணங்களுக்கு மட்டுமே அது சாலைக்கு வரலாம்.

எண்பதுகளின் கார் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1984இல் பிறந்த காண்டெஸா 2034இல்தான் 50 ஆண்டை எட்டும். அதுவரை சட்டத்தின் பார்வையில் அது மூப்படைந்த சாதாரணக் கார். எட்டியபின் பெருமை கிடைக்கும்; வேலை போய்விடும். பன்னாட்டுத் தொன்மை வாகனக் கூட்டமைப்பு 30 ஆண்டையே அளவாகக் கொள்கிறது. ஆயினும் அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும் என்று அதன் வரையறையும் கூறுகிறது. ஜெர்மனி வேறு வழியில் சென்றிருக்கிறது. அங்கே 30 ஆண்டைக் கடந்து, மூல வடிவம் கெடாமல், நல்ல நிலையில் பேணப்பட்ட காருக்குத் தனிக் குறியீடு வழங்கப்படுகிறது. அதனை உரிமையாளர் அன்றாடம் ஓட்டவும் தடையில்லை. பிரிட்டனில் 40 ஆண்டைக் கடந்த காருக்கு வாகன வரியிலிருந்து விலக்கு உண்டு.

நாம் வேண்டுவது

கழிவு வாகனக் கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. பிரேக் பிடிக்காத, புகை கக்கும், துருவேறிய வண்டி சாலையை விட்டு நீங்கத்தான் வேண்டும். அதற்குப் பத்து வயதே ஆகியிருந்தாலும் சரியே. அதே நீதியின்படி, சோதனையில் தேறும் வண்டிக்கு நாற்பது வயது ஆகியிருந்தாலும் இடம் இருக்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணத்தை ஏற்றுவதைவிட, வயது ஏற ஏறச் சோதனையைக் கடுமையாக்குவதே பொருந்தும். 10,000 ரூபாயை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். ஆபத்தான வண்டியின் உரிமையாளரும் அத்தொகையைக் கட்டிவிடுவார். பிரேக் சோதனையில் அவரால் பணம் கட்டித் தேற இயலாது.

முப்பது ஆண்டுக்கும் ஐம்பது ஆண்டுக்கும் இடைப்பட்ட கார்களுக்கு நம் நாட்டிலும் ஒரு நடுத்தரப் பிரிவு வேண்டும். மூல வடிவம் காக்கப்பட்டிருத்தல், இருக்கைப்பட்டை பொருத்தியிருத்தல், ஆண்டுதோறும் பிரேக், ஸ்டியரிங், புகைச் சோதனை, ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்னும் வரம்பு ஆகிய நிபந்தனைகளோடு அன்றாடப் பயன்பாட்டை அனுமதிக்கலாம். இதனால் அரசுக்கு இழப்பில்லை. பட்டறைத் தொழிலுக்கு வேலை கிடைக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய எஞ்சின்களைப் பற்றிய பாடம் முற்றிலும் மறைவதற்கு முன், அக்கலையை அறிந்த முதிய மெக்கானிக்குகளிடமிருந்து இளைஞர்கள் கற்றுக்கொள்ளவும் வழி பிறக்கும்.

வைத்திருப்போர் கவனத்திற்கு

விதி மாறும்வரை காத்திராமல் வாடிக்கையாளர்கள் தாமே செய்யத்தக்கவை சில உள்ளன.

காருக்கென ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். பெட்ரோல், பழுது, உதிரிபாகம் அனைத்தையும் ஓராண்டுக் காலம் தவறாமல் எழுதுங்கள். மேலே கூறிய சமநிலைத் தூரம் உங்கள் காருக்கு எவ்வளவு என்பது அப்போது தானே தெரிந்துவிடும்.

பழுதுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் இடுங்கள். பழைய காரின் செலவு மாதச் சம்பளத்தைப்போல் ஒழுங்காக வருவதில்லை. கிளட்ச்சும் ரேடியேட்டரும் ஒரே வாரத்தில் கைவிடும். அந்த நேரத்தில் கடன் அட்டையை நீட்டி உயர்ந்த வட்டியில் சிக்குவதைவிடச் சேமிப்பிலிருந்து எடுப்பது நலம்.

காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது காரின் மதிப்பைப் பேசுங்கள். நிழற்படங்கள், வேலை செய்த பட்டறையின் ரசீதுகள், மதிப்பீட்டாளர் சான்று ஆகியவற்றை முன்வையுங்கள். எஞ்சின் அளவு பதிவுச் சான்றில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். பழைய 1,489 சி.சி. காண்டெஸாவும் 1.8 லிட்டர் காண்டெஸாவும் பார்வைக்கு ஒன்றே, கட்டணத்தில் வேறு. எஞ்சினை மாற்றியிருந்து, பதிவுச் சான்றில் அதைக் குறிக்காமல் விட்டிருந்தால், விபத்து இழப்பீட்டின்போது அதுவே தடையாகும்.

பழைய காரை வாங்க எண்ணுவோர், அதற்குக் கடன் கிடைப்பது அரிது என்பதை முன்னரே உணர வேண்டும். பழைய கார்க் கடன்களுக்கும் பெரும்பாலும் காரின் வயதில் ஒரு வரம்பு உண்டு. தனிநபர் கடன் எடுத்து அதை வாங்கினால் வட்டி கூடும். மேலே கண்ட இலாபக் கணக்கு தலைகீழாகும். கையிருப்பில் வாங்க இயலாத பழைய காரை வாங்காமலிருப்பதே நன்று.

குழந்தைகளும் முதியவர்களும் பயணம் செய்யும் கார் எதுவாயினும் முதலில் பிரேக், அடுத்து டயர், அடுத்து இருக்கைப்பட்டை, பெயின்டிங் கடைசியில். கையில் இருக்கும் பணம் இந்த வரிசையில் செலவாகுமானால் பழைய காரை நாமும் மனமார ஆதரிப்போம். இந்த வரிசைக்கே பணம் போதவில்லை என்று கணக்குப் புத்தகம் சொல்லுமானால், அந்தக் காருக்கு நன்றி சொல்லி விடைகொடுப்பதே குடும்பத்துக்குச் செய்யும் நன்மை. பதிவு பெற்ற கழிவு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் பெற மறவாதீர்கள். புதிய காரின் பதிவுக் கட்டணத்திலும் வரியிலும் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.